மரத்தை மறந்த துப்பாக்கி விவாதம்

அந்தமான் தீவுகளில் பெருகிவிட்ட புள்ளிமான்களைச் சுட்டுக் குறைக்கலாமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் இரண்டு அணிகள் உருவாகின்றன. தீவின் காட்டைக் காக்க வேண்டுமெனில் மானைக் கொன்றே ஆக வேண்டும் என்கிறது ஓர் அணி. கொலை ஒருபோதும் பாதுகாப்பாகாது என்கிறது மற்றோர் அணி. முதல் அணியிடம் தாவரக் கணக்கெடுப்புகளும் செயற்கைக்கோள் படங்களும் இருக்கின்றன. இரண்டாம் அணியிடம் அறவியல் வாதங்கள் இருக்கின்றன. இரண்டிடமும் இல்லாத ஒன்று உண்டு: சுடப்போகும் ரைஃபிள் எந்த மரத்தில் அமர்ந்திருக்கிறது, ஒரு மழைக்காலம் முடிந்தபின் அந்த மரம் அதை எங்கே தள்ளியிருக்கிறது என்பது பற்றிய அறிவு. ‘சுடுதல்’ என்ற வினைச்சொல்லை இவ்வளவு எளிதாகக் கையாளும் அறிவுலகம், அந்த வினைக்குரிய கருவியைப் பற்றி ஏதும் அறியாதிருப்பது தற்செயலானதன்று. கையால் செய்யப்படும் வேலையை அறிவாகக் கருத மறுக்கும் பழைய நோயின் இன்னொரு அறிகுறி அது.

1. வண்டூரும் மானும்

தெற்கு அந்தமானின் மேற்குக் கரையில் இருக்கும் வண்டூர், ஆய்வுலகத்துக்கு அந்நியமான ஊரன்று. 1983இல் அறிவிக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் வாசல் அது. பதினைந்து தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த பவளத் திட்டுகளையும் உள்ளடக்கிய அப்பூங்காவுக்குப் படகுகள் அங்கிருந்தே புறப்படுகின்றன. மாமல்லபுரத்தை அடுத்த முதலைப் பண்ணையின் முன்முயற்சியில் 1990இல் தோன்றிய அந்தமான் நிக்கோபார் சுற்றுச்சூழல் குழுவின் களநிலையம் வடக்கு வண்டூரில்தான் உள்ளது. தீவுச் சூழலியல் படித்த மாணவர் பலர் தம் முதல் களக்குறிப்பை எழுதிய மண் அது.

அந்த மண்ணுக்குப் புள்ளிமான் சொந்தமில்லை. பிரித்தானிய அதிகாரிகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை இங்குக் கொண்டுவந்தனர். புலியும் சிறுத்தையும் செந்நாயும் இல்லாத தீவுகளில் அதன் பெருக்கத்துக்குத் தடையே இருக்கவில்லை. குறுகிய கடற்கால்களை நீந்திக் கடந்து அது தீவுக்குத் தீவு பரவியது. ராஸ் தீவில், இன்றைய நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவில், சுற்றுலாப் பயணிகளின் கையிலிருந்து தின்னும் அளவுக்குப் பழகிய மானைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு அது தீவின் ஆதிக்குடி போலத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால், அறிமுகப்படுத்தப்பட்ட தாவர உண்ணிகள் அந்தமான் காட்டின் மறுவளர்ச்சியை எப்படிப் பாதிக்கின்றன என்பதைச் சூழலியலாளர் ரவூஃப் அலி 2004இலேயே ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில் எழுதிவிட்டார். முளைக்கும் நாற்றுகளை மான் மேய்ந்துவிட்டால், இன்று நிற்கும் மரங்கள் விழுந்தபின் எழுவதற்கு அடுத்த தலைமுறை இராது.

இந்த இடத்தில் சட்டம் செய்யும் வேடிக்கை ஒன்றைச் சுட்டியாக வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் ‘ஆக்கிரமிப்பு அயல் உயிரினம்’ என்ற வகையை முதன்முறையாகச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அதன் வரையறைப்படி அயல் உயிரினம் என்பது இந்தியாவுக்கு உரியதல்லாத உயிரினம். புள்ளிமான் இந்தியாவுக்கு உரியது. ஆகவே, கரையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், அது ஒருபோதும் வாழ்ந்திராத ஒரு தீவில் மனிதர் கொண்டுபோய் விட்ட பின்னும் அது சட்டத்தின் கண்ணில் அயல் உயிரினம் ஆகாது. நாட்டின் எல்லைக்கோட்டைக் கண்ட சட்டம், இடையிலிருந்த கடலைக் காணவில்லை. இதை எடுத்துக்காட்டிக் கண்டித்த சூழலியலாளர்கள் சரியான இடத்தில்தான் விரல் வைத்தார்கள். அதே கூர்மையுடன் அவர்கள் துப்பாக்கியைப் பார்க்கவில்லை என்பதே இங்குள்ள குறை.

2. எஃகும் மரமும் சேரும் இடம்

ரைஃபிள் என்றவுடன் மனத்தில் எழுவது குழல். குறி தப்பினால் பழி சுடுபவர் கைக்கு. குறி பட்டால் புகழும் அவர் கைக்கே. இந்தக் கணக்கில் விடுபட்டுப்போவது மரக்கட்டை. மரக்கட்டை வைத்த ரைஃபிள் ஒன்றில் குழலும், தோட்டா ஏறி இறங்கும் ‘ஆக்‌ஷன்’ எனப்படும் எஃகுப் பெட்டியும் கட்டைக்குள் குடையப்பட்ட ஒரு பள்ளத்தில் அமர்ந்து, இரண்டு மூன்று திருகுகளால் இறுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் பின்னுதைப்பு முழுவதையும் வாங்கிக் கட்டைக்குக் கடத்துவது அந்தப் பள்ளத்தின் சில சதுர சென்டிமீட்டர் பரப்புத்தான். எஃகு அதில் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே அழுத்தத்தில் உட்கார்ந்தால் குண்டும் ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்குப் போகும். உட்காரும் இடம் மயிரிழை மாறினால் குண்டு போகும் இடமும் மாறும். அந்தப் பொருத்தத்தைச் சீராக்கும் வேலைக்கு ஆங்கிலத்தில் ‘பெடிங்’ என்று பெயர். தமிழில் படுகையிடுதல் எனலாம்.

வேலை பார்ப்பதற்கு எளியது. எஃகின் மீது விளக்குக் கரியைப் பூசிக் கட்டையில் இறக்கி எடுத்தால், எங்கெங்கே தொடுகிறது என்பதை மரத்தில் ஒட்டிய கரி காட்டிவிடும். தொடக்கூடாத இடத்தைச் சுரண்டுவார்கள். தொட வேண்டிய இடத்தில் இடைவெளி இருந்தால் எபாக்சிப் பசையை நிரப்பி, எஃகு அதில் ஒட்டிக்கொள்ளாதபடி மெழுகு பூசி அமர்த்தி, பசை இறுகும்வரை ஒரு நாள் அசைக்காமல் வைப்பார்கள். எடுக்கும்போது எஃகின் வார்ப்பே பள்ளமாகப் பதிந்திருக்கும். குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு தாளை ஓட்டிப் பார்த்து, அது தடையின்றி ஓடினால் குழல் எங்கும் உரசவில்லை என்று அறிவார்கள். அரால்டைட் டப்பாவும் உளியும் பொறுமையும் இருக்கும் எந்த வீட்டிலும் இதைச் செய்துவிடலாம் என்று தோன்றும். அந்தத் தோற்றத்தில் உள்ள ஆபத்தைப் பின்னர் பார்க்கலாம்.

மரம் ஏன் இத்தனை பாடுபடுத்துகிறது? மரம் காற்றின் ஈரத்தை உண்டு வாழ்வது. பதப்படுத்திய கட்டையின் ஈரம் சுமார் 12 சதவீதம். காற்றின் ஈரப்பதம் நெடுநாள் 85 சதவீதத்தை ஒட்டி நின்றால் அந்த ஈரம் 17, 18 சதவீதம்வரை ஏறும். துப்பாக்கிக் கட்டைக்கு விரும்பப்படும் வால்நட் மரத்தில், 5 சென்டிமீட்டர் அகலமுள்ள துண்டு ஒன்று ஈரத்தில் 4 சதவீதப் புள்ளி கூடினால், இழையின் குறுக்கே ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் உப்பும். அதே 5 சென்டிமீட்டர் எஃகு 10 டிகிரி வெப்பம் கூடினாலும் 0.006 மில்லிமீட்டர்தான் நீளும். ஒன்றுக்கொன்று இவ்வளவு பொருந்தாத இரண்டு பொருள்களைத் திருகால் பிணைத்து, அவை ஆண்டு முழுவதும் ஒரே உறவில் நிற்கும் என்று நம்புவதே பேதைமை.

வண்டூர் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் தீவுப் பகுதியில் இருக்கிறது. தென்மேற்கும் வடகிழக்கும் ஆகிய இரு பருவமழையும் அதற்குண்டு. மே மாதம் தொடங்கும் ஈரம் டிசம்பர்வரை விலகுவதில்லை. ஜனவரி முதல் ஏப்ரல்வரை சற்றே காய்கிறது. கோடையில் குறி பார்த்துச் சரிசெய்த ஒரு ரைஃபிளை மழைக்காலத்தில் வெளியே எடுப்பவர் கையில் இருப்பது, பெயரளவில் மட்டுமே அதே ரைஃபிள்.

இதன் விலையைக் கணக்கிட உயர்கணிதம் வேண்டியதில்லை. குறியின் விலகலைக் கோண நிமிடத்தில் அளப்பர். 100 மீட்டர் தொலைவில் ஒரு கோண நிமிடம் என்பது 2.9 சென்டிமீட்டர். கட்டை உப்பிக் குழலை ஒரு பக்கம் தள்ளியதால் நான்கு நிமிடம் விலகியது என்று வைத்துக்கொண்டால், குண்டு கிட்டத்தட்ட 12 சென்டிமீட்டர் தள்ளிப் பாயும். மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பரப்பு ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது. அதன் நடுவைக் குறிவைத்தவர், தம் கையில் எந்தப் பிழையும் இல்லாமலே, வயிற்றையோ முன்காலையோ உடைத்துவிடுவார். உடைந்த காலுடன் அலையாத்திக் காட்டுக்குள் ஓடிய மானை மழையில் யாரும் தேடிப் பிடிக்கப்போவதில்லை. அது சாவதற்கு நாள்கள் ஆகும். கொன்று குறைத்தலை ஆதரிப்பவர் ‘மனிதாபிமானமுள்ள முறை’ என்ற தொடரைத் தம் முன்மொழிவில் எழுதும்போது, அந்தத் தொடரின் உண்மையும் பொய்யும் இந்த அரை மில்லிமீட்டரில் இருப்பதை அறிந்தா எழுதுகிறார்?

3. அறிந்திருந்தவர்கள்

அறியாதவர்கள் பல்கலைக்கழகங்களில் இருந்தாலும், அறிந்தவர்கள் இல்லாமல் போகவில்லை. இங்கிலாந்தின் பிஸ்லி சுடுதளத்தில் ஃபுல்டன் குடும்பத்தின் பட்டறை, ராணுவ லீ-என்ஃபீல்டு ரைஃபிள்களின் முன்கட்டையைச் சீர்செய்து கொடுப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தது. அக்குடும்பத்தின் ஆர்தர் ஃபுல்டன் மன்னர் பரிசை 1912, 1926, 1931 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை வென்றவர். ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலை, வால்நட் கிடைக்காமல் உள்நாட்டு மரங்களுக்கு மாறியபோது, பின்னுதைப்பு விழும் இடத்தில் மரம் நசுங்குவதைக் கண்டு அங்கே செப்புத் தகடுகளைப் பதித்தது.

இந்தியாவும் இதில் பின்தங்கியதில்லை. ஹூக்ளிக் கரையின் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செப்பனிடப்பட்ட லீ-என்ஃபீல்டுகள் பலவற்றின் முன்கட்டையில் குறுக்கே ஒரு திருகு பாய்ந்திருக்கும். மரம் பிளந்துபோகாமல் பிடித்து நிறுத்த அது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அதை ‘இஷாப்பூர் திருகு’ என்றே அழைக்கிறார்கள். பெயர் தெரியாத ஏதோ ஒரு தொழிலாளியோ மேற்பார்வையாளரோ இந்திய வானிலையில் இந்த மரம் என்ன செய்யும் என்பதைக் கண்டறிந்து, அதற்கு ஒரு விடையும் சொன்னதன் சான்று அந்தத் திருகு. குடிமக்கள் உரிமம் பெற்று வாங்கும் .315 ரைஃபிளும் அந்தத் தொழிற்சாலையின் பிள்ளைதான். உள்ளிருக்கும் அமைப்பு அதே லீ-என்ஃபீல்டு வழி வந்தது. அதன் கட்டை மரம். அதன் நோய்களும் அதே நோய்கள்.

தமிழ் வாசகருக்கு இது புரியாத அறிவும் அன்று. மார்கழிப் பனியில் மிருதங்கத்தின் சுருதி இறங்குவதையும், வித்வான் கல்லும் கட்டையும் கொண்டு அதைத் தட்டிச் சேர்ப்பதையும் சபாவின் கடைசி வரிசையில் இருப்பவரும் அறிவார். பலா மரமும் தோலும் வாரும் ஈரத்துக்கு எப்படி அசைகின்றன என்பதைத் தலைமுறைகளாக அறிந்திருந்த தொழிலாளர்களைப் பற்றி டி. எம். கிருஷ்ணாவின் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ 2020இல் வெளிவந்தபோது, அந்த அறிவு ஏதோ புதிதாகக் கண்டெடுக்கப்பட்டது போல வியந்தவர்கள் ஆய்வாளர்களே. அறிவு முன்பே இருந்தது. அதைக் கேட்பதற்கு ஆள்தான் இல்லை.

4. ‘பழுதுபார்த்தல்’ என்னும் ஒரு சொல்

இனி சட்டத்துக்கு வரலாம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 1878ஆம் ஆண்டின் காலனிய ஆயுதச் சட்டம் இருந்த இடத்துக்கு வந்தது. அதன் ஐந்தாம் பிரிவு, உரிய உரிமமின்றி எவரும் துப்பாக்கியை உற்பத்தி செய்யவோ, விற்கவோ, மாற்றியமைக்கவோ, பழுதுபார்க்கவோ கூடாது என்கிறது. கள்ளத் துப்பாக்கிப் பட்டறைகளையும் கள்ளச் சந்தையையும் ஒடுக்குவது அதன் நோக்கம். அதில் யாருக்கும் மாறுபாடு இருக்க முடியாது. ஆனால் அந்தப் பிரிவு ‘வணிகமாக’ என்றோ ‘பிறருக்காக’ என்றோ சொல்லவில்லை. சட்டத்தின் வரையறைப் பிரிவில் ‘பழுதுபார்த்தல்’ என்ற சொல்லுக்கு விளக்கமும் இல்லை. துப்பாக்கியின் பாகங்களும் துப்பாக்கியே என்கிறது அதே வரையறைப் பிரிவு. அப்படியெனில், துப்பாக்கி வைத்துக்கொள்ள முறையான உரிமம் பெற்ற ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கட்டையின் உட்புறத்தைச் சுரண்டினால், அது பராமரிப்பா, பழுதுபார்ப்பா?

2019க்கு முன் இது சட்ட மாணவர்களின் விளையாட்டுக் கேள்வியாக இருந்திருக்கலாம். அவ்வாண்டின் திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்ததோடு, ஐந்தாம் பிரிவை மீறுவோருக்குக் குறைந்தபட்சத் தண்டனையை மூன்று ஆண்டிலிருந்து ஏழாண்டாக உயர்த்தியது; மேல்வரம்பு ஆயுள் சிறை. கள்ளப் பட்டறைக்காரனுக்காக விரித்த வலை அது. ஆனால் வலையின் கண்கள் ஒரே அளவானவை. எண்ணெய் துடைப்பது குற்றமாகாது என்று பொதுப்புத்தி சொல்லும்; திருகை இறுக்குவதும் ஆகாது என்று சொல்லும். எபாக்சி ஊற்றுவது எந்தப் பக்கம் விழும் என்று பொதுப்புத்தியால் சொல்ல முடியாது. அதைச் சொல்ல வேண்டியது சட்டம். சொல்லாத சட்டம், காவல் நிலையத்தில் அன்றைக்கு இருப்பவர் மனநிலைக்கு ஏழாண்டை ஒப்படைக்கிறது.

இதன் விளைவு இரண்டு. நேர்மையான உரிமதாரர் கட்டையைத் தொட அஞ்சி, உப்பிய மரத்தோடும் விலகிய குறியோடும் ரைஃபிளை அப்படியே பெட்டியில் வைத்திருக்கிறார். துணிந்தவர் யாருக்கும் தெரியாமல் செய்கிறார். தெரியாமல் செய்வதால் யாரிடமும் கேட்டுக் கற்காமல் செய்கிறார். சட்டம் தடுக்க விரும்பிய தீங்கு எதுவோ அது தடுக்கப்படவில்லை. நல்ல வேலை மட்டும் நின்றுபோயிற்று.

5. மறுப்புகள்

இந்த வாதத்துக்கு எழும் மறுப்புகளைச் சந்திக்காமல் நகர்வது நேர்மையாகாது.

முதலாவது, இது துப்பாக்கிப் பண்பாட்டுக்கு வாசல் திறக்கும் என்பது. படுகையிடுதல் குழலைத் தொடுவதில்லை, தோட்டா அறையைத் தொடுவதில்லை, விசையைத் தொடுவதில்லை. அது குண்டின் வேகத்தைக் கூட்டாது, எண்ணிக்கையைக் கூட்டாது. கொலை செய்யும் நோக்கமுள்ளவன் நாட்டுத் துப்பாக்கியோடு பத்தடி தூரத்தில் நிற்கிறான். அவனுக்கு அரை மில்லிமீட்டர் ஒரு பொருட்டில்லை. குறி தப்பாதிருக்க வேண்டும் என்ற கவலை உடையவருக்கே இந்த வேலை தேவைப்படுகிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. அந்தமான் காட்டில் துப்பாக்கி ஒருபோதும் வெறும் கருவியாக இருந்ததில்லை. 1858இல் தண்டனைக் குடியேற்றம் தொடங்கிய நாள் முதல் அது பழங்குடிகளை நோக்கி நீட்டப்பட்ட பொருள். 1957இல் ஜாரவா மக்களுக்கான காப்புப் பகுதி அறிவிக்கப்பட்ட பின்னும் அதன் விளிம்புகளில் திருட்டு வேட்டை ஓயவில்லை. மானைச் சுடும் பெயரில் காட்டுக்குள் புதிய துப்பாக்கிகள் நுழைந்தால் யாருடைய நெஞ்சு பதறும் என்பது தீவின் வரலாறு அறிந்தவர்க்குத் தெரியும். இந்த அச்சம் முற்றிலும் நியாயமானது. அதனாலேயே, எந்தத் திட்டமும் காப்புப் பகுதிக்கும் அதன் சுற்றெல்லைக்கும் வெளியே நிற்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்பு கூடாது. ஆனால் இந்த அச்சம் படுகையிடுதலுக்கு எதிரான வாதமாகாது. பத்துப் பேர் விலகிய குறியோடு நூறு குண்டு சுடும் காட்டைவிட, பயிற்சி பெற்ற இருவர் சரியான ரைஃபிளோடு சில குண்டுகளில் வேலையை முடித்து வெளியேறும் காடு எல்லோருக்கும் பாதுகாப்பானது. இங்குக் கேட்கப்படுவது கூடுதல் துப்பாக்கி அன்று. குறைவான துப்பாக்கி, சரியான நிலையில்.

மூன்றாவது, மரக்கட்டையை விட்டுவிட்டுச் செயற்கைக் கட்டைக்கு மாறிவிடலாமே என்பது. மாறலாம். ஆனால் நெகிழி வார்ப்புக் கட்டையிலும் எஃகு உட்காரும் இடத்தைச் சீர்செய்ய வேண்டியிருக்கிறது. ஈரம் போனாலும் பொருத்தம் என்ற கேள்வி போகாது. மேலும், உரிமதாரர்களின் வீடுகளில் இன்று இருப்பவற்றில் மரக்கட்டை ரைஃபிள்கள் ஏராளம். நாளை வரப்போகும் ரைஃபிளுக்காக இன்றைய மான் காத்திருக்காது.

நான்காவது, உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துச் செய்துகொள்ளலாம் என்பது. கொள்கையளவில் இதுவே சிறந்த விடை. ஆனால் மரம் ஒருமுறை சரிசெய்தால் ஆயுளுக்கும் அடங்கியிருக்கும் பொருளன்று. ஒவ்வொரு மழைக்குப் பின்னும் திருகுகளின் இறுக்கத்தையும் குழலின் இடைவெளியையும் பார்த்தாக வேண்டும். அதை வைத்திருப்பவரே பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். மிருதங்கத்தை ஒவ்வொரு கச்சேரிக்கும் பட்டறைக்கு அனுப்பும் வித்வானை யாரும் வித்வான் என்று சொல்லமாட்டார்கள்.

6. திண்ணை நிபுணர்களுக்கும் ஒரு சொல்

வீட்டில் செய்வதற்கு இடம் கேட்கும் இந்த வாதம், வீட்டில் செய்யப்படுவதெல்லாம் நன்று என்று சொல்லவில்லை. காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு அரால்டைட்டைப் பிசைந்து ஊற்றும் திண்ணை நிபுணரும் இந்தக் கதையின் குற்றவாளிகளில் ஒருவரே. மெழுகு பூசாத ஓரிடத்தில் பசை பிடித்துக்கொண்டால் எஃகும் மரமும் பிரியாது. பிரிக்கும் முயற்சியில் கட்டை பிளக்கும். பசை இறுகும்போது திருகுகளை மட்டுமீறி முறுக்கியிருந்தால் எஃகுப் பெட்டியே வளைந்த நிலையில் வார்ப்பாகிவிடும். முன்பு மழைக்காலத்தில் மட்டும் தப்பிய குறி இப்போது எல்லாக் காலத்திலும் தப்பும். ஈரம் ஏறிய கட்டையில் படுகையிட்டால், கோடையில் மரம் சுருங்கும்போது பசை மட்டும் சுருங்காமல் நின்று விரிசலை உண்டாக்கும். லீ-என்ஃபீல்டு வழி ரைஃபிளில் பின்னுதைப்பைத் தாங்கும் இடமும் மவுசர் வழி ரைஃபிளில் அதைத் தாங்கும் இடமும் வேறு வேறு. ஒன்றுக்குச் சொன்ன பாடத்தை மற்றதற்குப் போட்டால் கட்டை வெடிக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, படுகையிட்டபின் சுடுதளத்தில் சுட்டுப் பார்த்துக் குறியைச் சரிசெய்யாதவர் வேலையில் பாதியைத்தான் செய்திருக்கிறார். இவை எழுதித் தீராத பாடங்கள். செய்து காட்டும் ஒருவரின் அருகில் நின்று கற்க வேண்டியவை. அப்படிக் கற்பதற்கு வெளிச்சம் வேண்டும். இருட்டில் தள்ளப்பட்ட கைவேலை கெட்டுப்போவது கைவேலையின் குற்றமன்று.

7. கரையிலும் இதே கதை

தீவின் சிக்கல் தீவோடு முடியவில்லை. 2016 ஜூனில் பீகாரின் மொகாமாவில் 200க்கும் மேற்பட்ட நீலான்கள் வெளியிலிருந்து அழைத்துவரப்பட்ட சுடுவோரால் கொல்லப்பட்டபோது, நாளேடுகளை நிறைத்தது இரண்டு மத்திய அமைச்சர்களின் மோதல். கேரளம் 2022இல் காட்டுப்பன்றியைக் கொல்ல ஆணையிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்தது. அந்த ஆணையை நிறைவேற்றுவோரில் உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருக்கும் குடிமக்களும் அடங்குவர். தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில், காப்புக்காட்டின் எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளைப் பயிற்சி பெற்ற வனப் பணியாளர்கள் சுடலாம் என்று அறிவித்தது. மூன்று இடத்திலும் விவாதம் ‘சுடலாமா’ என்பதில் தொடங்கி ‘யார் சுடுவது’ என்பதில் முடிந்தது. ‘எதனால் சுடுவது, அது எந்நிலையில் இருக்கிறது’ என்ற மூன்றாம் கேள்வி கேரளத்தின் மலையோர மழையிலும் நீலகிரியின் மூடுபனியிலும் அதே அளவு உயிர்ப்பானது.

ஆயுதச் சட்டத்தின் பதின்மூன்றாம் பிரிவில் உழவரின் துப்பாக்கியைப் பற்றி ஒரு சித்திரம் உள்ளது. பயிர்க் காவலுக்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கி; தற்காப்புக்கும் விளையாட்டுக்கும் இருபது அங்குலத்துக்குக் குறையாத வழவழப்பான குழல். இவற்றுக்கு உரிமம் வழங்க வேண்டும் என்கிறது சட்டம். வழவழப்பான குழல் துல்லியத்துக்கென்று செய்யப்பட்டதன்று. ஐம்பது மீட்டருக்கு அப்பால் அதன் குறி நம்பத்தக்கதும் அன்று. துல்லியம் என்ற சொல்லே அந்தச் சித்திரத்தில் இல்லை. விலங்கைக் கொல்வதா, காயப்படுத்துவதா என்ற வேறுபாடு 1959இன் சட்ட வரைவாளர்களைத் தொல்லைப்படுத்தவில்லை. 2022இன் சட்ட வரைவாளர்களையும் அது தொல்லைப்படுத்தவில்லை என்பதுதான் வருத்தம்.

8. செய்ய வேண்டியவை

ஒன்று: கட்டையைச் சீர்செய்தல், படுகையிடுதல், குறிநோக்கியைச் சரிசெய்தல் ஆகியவற்றை உரிமதாரர் தம் சொந்தத் துப்பாக்கியில் செய்துகொள்ளும் பராமரிப்பு என்று ஆயுத விதிகள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். குழல், தோட்டா அறை, விசை ஆகியவற்றைத் தொடும் எந்த வேலையும் இப்போதுள்ளபடி உரிமத்துக்கு உட்பட்டதாகவே தொடர வேண்டும். கோடு இந்த இடத்தில் விழுந்தால் கள்ளப் பட்டறைக்கு ஒரு முழமும் சலுகையில்லை.

இரண்டு: எந்த மாநிலத்திலும் ஒன்றியப் பகுதியிலும் விலங்கைக் கொன்று குறைக்கும் ஆணை பிறப்பிக்கப்பட்டால், அதில் ஈடுபடும் ஒவ்வொரு ரைஃபிளும் அதே பருவத்தில், அதே இடத்தின் ஈரத்தில் சுட்டுச் சரிபார்க்கப்பட்டது என்ற பதிவு அந்த ஆணையின் நிபந்தனையாக வேண்டும். காயத்துடன் தப்பிய விலங்குகளின் எண்ணிக்கையும் கொல்லப்பட்டவற்றின் எண்ணிக்கையோடு வெளியிடப்பட வேண்டும்.

மூன்று: சுடுதல் சங்கங்கள் தம்மிடமுள்ள மூத்த கைகளின் அறிவைப் பட்டறை வகுப்புகளாகத் திறக்க வேண்டும். காணொளியிடம் விடப்பட்டிருக்கும் மாணவரை மனிதரிடம் கொண்டுவர வேண்டும்.

நான்கு, பல்கலைக்கழகங்களுக்கு உரியது: மரப்பொருளியல் தெரிந்த வனவியல் துறையும், தீவுக் காட்டை அறிந்த சூழலியல் துறையும், சட்டத் துறையும் ஒரே மேசையில் அமர்வதற்கு இதைவிடப் பொருத்தமான சிக்கல் கிடைக்காது. நம் வேங்கை மரத்தின் நெருங்கிய உறவினமான படாக், ஈரத்துக்கு அதிகம் அசையாத மரம் என்று பெயர் பெற்றது. அந்தமானின் மாநில மரமும் அதுவே. தீவின் ஈரத்தில் தீவின் மரம் எஃகோடு எப்படி உறவாடுகிறது என்பது ஒரு முதுகலை மாணவர் ஓராண்டில் அளந்து முடிக்கக்கூடிய ஆய்வு. அதற்கு விலையுயர்ந்த கருவிகூட வேண்டாம். நுண்ணளவுமானியும் ஈரமானியும் ஒரு மழைக்காலமும் போதும்.

மானைக் கொல்லக் கூடாது என்பவர்கள் இதைப் படித்துவிட்டு, இது தம் விவாதமன்று என்று ஒதுங்கத் தேவையில்லை. கொலையை நிறுத்த முடியாத இடத்தில் வதையையாவது நிறுத்தக் கேட்பது அவர்களுடைய அறத்துக்கும் உட்பட்டதே. கொல்ல வேண்டும் என்பவர்கள் இதைப் படித்துவிட்டு, இது வெறும் தொழில்நுட்ப விவரம் என்று தள்ளவும் முடியாது. ஓர் உயிரை எடுக்கச் சொல்லி அரசுக்குப் பரிந்துரை எழுதுபவர், அந்த உயிர் எப்படிப் போகும் என்பதை அறிந்திருக்கக் கடமைப்பட்டவர். அந்த அறிவு ஆய்விதழ்களில் இதுவரை வரவில்லை என்றால், அது இருக்கும் இடத்துக்கு ஆய்வாளர்தான் போக வேண்டும்: விளக்குக் கரி படிந்த விரல்களோடு ஒருவர் கட்டையைக் கையிலெடுத்து, எஃகு எங்கே தொடுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும் திண்ணைக்கு.